கழட்டக் கூடாத வளையல்

குழாய்க்கு அடியில் கை, தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது, வலி மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு ஏறுகிறது, வடிவுக்கு அப்போது எட்டாம் மாதம், சோறு வடிக்கப்போய்ப் பானை சரிந்து கொதிக்கிற கஞ்சி கையிலும் தொடையிலும் கொட்டிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரி புண்ணில் அப்ப இட்லி மாவோடு ஓடி வருகிறாள், அவளை விலக்கிவிட்டு முப்பிடாதி மதினி, புருஷனின் அக்கா, வளையல்களை உருவப் பார்க்கிறாள், கை வீங்கிரும்ட்டி, அதுக்குள்ள கழட்டிரணும், வடிவோ விரல்களை மடக்கிக்கொள்கிறாள், கழட்டக் கூடாது மதினி, பேறுகாலம் வரைக்கும் கழட்டக் கூடாது, வெந்த கையோடு சம்பிரதாயம் பேசிய வாயை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

போன வாரம்தானே வளைகாப்பு, தெருவே வந்து வளையல் போட்டது, புருஷன் இல்லாதவள் என்று மதினி மட்டும் அடுக்களைக்குள் நின்று புளிச்சோறு கிண்டினாள், வடிவு கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை, அந்த மதினிதான் பதினோரு வளையலையும் ஒன்றுகூட உடையாமல் உருவிப் பைக்குள் போட்டு, இருபது நிமிஷம் தண்ணீரிலிருந்து கையை எடுக்கவிடாமல் பிடித்து, தொடையில் மொண்டு மொண்டு ஊற்றி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் ஏற்றினாள், அங்கே டாக்டரம்மா சொல்கிறாள், புண்ணுல சீழ் பிடிக்கக் கூடாது, உடம்புல தண்ணி வத்துனா பிள்ளைக்கு ரத்த ஓட்டம் கொறையும், பிரசவ வலியும் முன்னாலயே வந்துரலாம், அசைவு கொறைஞ்சா உடனே கூப்பிடுங்க, மூன்றாம் நாள் மத்தியானம் வயிற்றில் அசைவே இல்லை, மதினி நர்ஸை இழுத்துக்கொண்டு வருகிறாள், கருவி வைத்துக் கேட்டால் பிள்ளையின் இதயம் துடிக்கிறது, ஆனா அசையணும், பாப்போம் என்கிறாள் நர்ஸ், வடிவு விம்முகிறாள், வளையல் சத்தம் இல்லாம பிள்ளை பயந்துட்டு மதினி, மதினி பையைத் திறந்தாள், பன்னிரண்டு வருஷம் வெறுமையாகக் கிடந்த கையில் பதினொன்றையும் மாட்டிக்கொண்டு, வார்டே வாய் பிளக்க, வயிற்றோரம் குலுக்கினாள், ஏ மருமவளே, அத்தை வந்திருக்கேன், பெண்தான் என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள், உள்ளிருந்து ஒரு உதை, அப்பா, என்ன உதை, அந்தக் கைகளை எத்தனை கும்பிட்டாலும் வடிவுக்குத் தீராது.

குழாய்க்கு அடியில் கை, சின்னக் கை, விழுகிற தண்ணீரைப் பிடிக்கப் பார்த்துச் சிரிக்கிறது, மாதம் நிறைந்து பிறந்த மகள், வடிவின் கையில் தழும்பு, பிள்ளையை ஏந்தியிருக்கும் மதினியின் கையில் அதே வளையல்கள், வாசலில் விருந்தாளிகள் செருப்பை விடும் சத்தம் கேட்கிறது, மதினி அவசரமாக வளையலை உருவப் போகிறாள், வடிவு ஈரக்கையால் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள், கழட்டக் கூடாது மதினி.