கரிக்கோடு

முனியராஜுக்குத் தண்ணீர்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தாயில்பட்டியில் அவன் தெருவே பேசியது. பேசியவர்கள்தான் அவசரத்துக்கு ஒரு குடம் கேட்டு அவன் வாசலில் வந்து நின்றார்கள் என்பதும் உண்மை. மழை ஏமாற்றிய வருஷம். போர்க் குழாயில் காற்றுதான் வந்தது. தெருக்குழாயில் தண்ணீர் என்றைக்கு வரும் என்பது திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. அப்படிப்பட்ட காலத்தில் ஒருத்தன் வீட்டில் மட்டும் டிரம் தளும்பிக்கொண்டு நின்றால் அவனுக்குத் தலைகால் புரியுமா?

சிவகாசியில் காலண்டர் அடிக்கிற பிரஸ்ஸில் தாள் வெட்டும் மெஷின்தான் அவனுக்கு வேலை. அங்கே அளந்து அளந்து, வீட்டிலும் கண்ணில் பட்டதையெல்லாம் அளக்கிற புத்தி வந்துவிட்டது. அடுப்படி வாசலோரம் நின்ற வெள்ளைப் பிளாஸ்டிக் டிரம்மின் வெளிப்பக்கம் கரித்துண்டால் கோடு போட்டான். அன்றைக்குத் தண்ணீர் கோட்டுக்குக் கீழே போய்விட்டால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது, அப்படிக் கத்துவான். மொண்டு குடிக்கிற செம்பிலும் பாதியில் ஆணியால் ஒரு கீறல். அதற்கு மேலே மொள்ளக் கூடாது. கரண்ட் மீட்டரையும் விட்டுவைக்கவில்லை. பல் விளக்கிக்கொண்டே அதை முறைத்துப் பார்ப்பான். ஆள் முகம் தெரியாத அளவுக்கு இருட்டினால்தான் விளக்குப் போடலாம்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் அவன் பெண்டாட்டி பாண்டிமீனா. அவள் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிறவள். சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது புருவத்திலும் காது மடலிலும் மருந்தின் வெள்ளிப் பவுடர் மினுங்கும். இந்தப் பக்கத்தில் மருந்து வேலைக்குப் போகிற பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்ததும் நேரே கொல்லைப்புறம். தலையோடு தண்ணீரை ஊற்றி, மருந்துச் சேலையை நனைத்துப் போட்டு, வேறு சேலை கட்டிக்கொண்ட பிறகுதான் அடுப்படி. பிள்ளை பசியில் அழுதாலும் அதற்கு முன்னால் அடுப்பைத் தொட மாட்டார்கள்.

முனியராஜ் அந்தப் பழக்கத்தில்தான் கை வைத்தான்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் குளிச்சாப் போதும். மத்த நாளு கை கால் கழுவிக்கோ."

"மருந்து ஒட்டியிருக்குமேங்க. அடுப்படிக்குப் போகணும்ல?"

"வெளியில நின்னு நல்லா உதறு, போயிரும்."

"அப்ப சேலையவாவது மாத்திக்கிறேன்."

"குளிக்காத ஒடம்புல நல்ல சேலையச் சுத்துனா அதையும்ல தொவைக்கணும்? அதுக்குத் தண்ணிய ஒங்கப்பனா கொண்டாருவாரு?"

அப்பனை இழுத்த பிறகு அவள் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் குளித்தாள். ஆனாலும் குளிக்காத நாட்களில் அடுப்புப் பக்கமே போகாமல் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். மகள் மாரிசெல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். அடுப்படி வாசலுக்கு வெளியே இருந்தபடி தாய்க்காரி உப்பு, புளி சொல்லுவாள். தன் பேச்சுக்கு வீடு அடங்கி நடக்கிறது என்று முனியராஜ் மீசையைத் தடவிக்கொண்டான்.

தீபாவளி ஆர்டர் முட்டிக்கொண்டு நின்ற சமயம். அன்றைக்கு அவளுக்குக் குளிக்காத நாள். மாரிசெல்வி பரீட்சைக்குப் படிக்கப் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டாள். பிரஸ்ஸிலிருந்து தலைவலியோடு வந்த முனியராஜ் சட்டையைக் கூடக் கழற்றவில்லை.

"ஏ மீனா, ஒரு காப்பி போடு."

"செல்வி வந்துரட்டுமேங்க."

"அவ வாரதுக்குள்ள எனக்கு உசுரு போயிரும். சேலைய உதறிட்டு வந்து போடு."

அவள் வாசலில் நின்று முந்தானையை உதறினாள். உதறிய வரைக்கும் சரிதான். கொசுவத்துக்குள் மடிப்பு மடிப்பாகத் தங்கியிருந்தது எங்கே போகும்? அடுப்படி மங்கலாக இருந்தது. சுவிட்சுக்குப் போன கையை அவளே பின்னால் இழுத்துக்கொண்டாள். விளக்குப் போட்டிருந்தால் மினுங்குவது கண்ணில் பட்டிருக்கும். கேஸ் அடுப்பைத் திருகினாள்.

குப்பென்று ஒரு வெள்ளை வெளிச்சம். அந்த வீடு அவ்வளவு வெளிச்சத்தை அதற்கு முன் கண்டதில்லை. "ஆத்தா!" என்று அவள் அலறினாள்.

முனியராஜ் பாய்ந்து டிரம்முக்கு ஓடினான். பக்கத்திலேயே வாளி இருந்தது, குடம் இருந்தது. அவன் கை போனது செம்புக்கு. மொண்டான். அந்த நேரத்திலும், எரிகிறவள் தன் பெண்டாட்டி என்று தெரிந்தும், கை தானாகக் கீறல் வரைக்கும் மொண்டு நின்றது. அந்த அரைச் செம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் அவள் மேல் ஊற்றிவிட்டு, திரும்ப ஓடி, இன்னொரு அரைச் செம்பு மொண்டான்.

அதற்குள் பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள் அலறல் கேட்டு உள்ளே வந்துவிட்டாள். "தள்ளுடா எடுபட்ட பயலே" என்று அரைச் செம்பும் கையுமாக நின்ற அவனை ஒரு இடி இடித்துவிட்டு, டிரம்மை இரண்டு கையாலும் பிடித்து அப்படியே அடுப்படிக்குள் கவிழ்த்தாள். அவன் கட்டிக் காத்த தண்ணீரெல்லாம் பாண்டிமீனாவின் மேலும் தரையிலுமாக ஓடி, வாசல் தாண்டித் தெருவில் இறங்கியது.

உயிர் தப்பியது. வலது கையும் விலாவும் வெந்துபோயின. பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்க வைத்தார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பட்டாசு மருந்தையும் கம்பெனியையும் வைதார்கள். முனியராஜ் தலையைக் குனிந்துகொண்டான். செம்பைப் பற்றிப் பஞ்சம்மாள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்க முடியவில்லை. நாலு பேர் முன்னால் வைது தொலைத்திருக்கலாமே என்று கிடந்து தவித்தான்.

டாக்டரம்மா வந்து பார்த்தார். "நெறைய தண்ணி குடிக்கணும். வெந்த ஒடம்பு, தண்ணிய இழுக்கும். அவங்க கேக்கட்டும்னு இருக்காம நீங்களே ஊத்திக் குடுங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவன் பாட்டிலைத் திறந்தான். பாண்டிமீனா இடது கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஊற்ற ஆரம்பித்ததும் அவளுடைய கட்டைவிரல் மெதுவாக நகர்ந்து டம்ளரின் பாதியில் போய் நின்றது.

"இம்புட்டுப் போதுங்க."

அவன் நிறுத்தவில்லை. தண்ணீர் விரலைத் தாண்டி ஏறியது, விளிம்பைத் தொட்டது, வழிந்து அவள் மடியை நனைத்தது.

பாண்டிமீனா பதறிப்போனாள். டம்ளரைச் சட்டென்று இழுத்துக்கொண்டு, நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"வையாதீக. என் கைதான் நடுங்கிருச்சு" என்றாள்.