புரட்டாசி தாடி

"முடி வேர்ல சீழ் புடிச்சிருக்கு, அவ்ளோதான்" என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு நிம்மதி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அடிவயிற்றுக்குக் கீழே நாலு கொப்புளம் வந்ததற்கு என் மாமியார் வெங்கடம்மா ஆடிய ஆட்டம் கொஞ்சமா? "கம்பெனி பஸ்ல கண்டவனோட ஒரசிக்கினு போறவளுக்கு வேற இன்னா வரும்? கெட்ட நோவுன்னு டாக்டர் சொல்லட்டும், அப்படியே வெதுருகுப்பத்துல உங்கம்மா ஊட்டுக்குப் போயிடு." மகன் முரளிதரன், என் புருஷன், தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இதுக்கு நிறைய காரணம் இருக்கும்மா. வேர்வை, இறுக்கமான துணி, சவரம். தொட்டா ஒட்டறதும் உண்டு, படுக்கையால வர்றதும் உண்டு. உனக்குப் படுக்கையால வந்தது இல்ல" என்றார் டாக்டரம்மா. பிறகு தெலுங்கில், "ரேஜர் எவரிதம்மா?" என்று, சவரக் கத்தி யாருடையது எனக் கேட்டார்.

"இவரோடதுதான். புரட்டாசி பொறந்ததுல இருந்து இவரு தொடறதில்ல. சும்மாதான கெடக்குதுன்னு எடுத்தேன்."

எங்கள் பக்கத்தில் பெருமாளுக்கு வேண்டிக்கொண்ட ஆண்கள் அந்த மாதம் முழுக்கக் கத்தி படாமல் தாடி வளர்ப்பார்கள். டாக்டரம்மா என் பக்கத்தில் நின்ற புருஷனின் தாடியைப் பார்த்தார். அவன் மின்விசிறியைப் பார்த்தான்.

"நீங்களும் உள்ள வாங்க."

அவனைச் சோதித்துவிட்டு வந்து, எங்கள் இருவருக்கும் மருந்துச் சீட்டு எழுதினார். "இவருக்குத்தான் மொதல்ல வந்திருக்கு. அதே பிளேடு."

படியில் இறங்கும்போது அவனாகவே முனகினான். "வேர்வைல அரிப்பு தாங்கல. அங்க மட்டும் எடுத்தேன்."

அப்படியானால் பெருமாள் முகத்தை மட்டும்தான் பார்ப்பார் போலிருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, அது அவனுக்கும் சாமிக்கும். அதே கொப்புளத்தைத் தன் உடம்பில் வைத்துக்கொண்டு, அவன் அம்மா என்னைத் தேவடியா என்று திட்டியதைக் கேட்டுக்கொண்டே சோறு துன்னானே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

"அம்மாகிட்ட சொல்லாதமே. விரதத்துல கத்தி வச்சேன்னு தெரிஞ்சா செத்தே பூடும்."

"நான் மட்டும் உயிரோடவா இருந்தேன்?"

பஸ் ஸ்டாண்டில் என் போன் அடித்தது. மாமியார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னா நோவாம்? ஊட்டுக்குள்ள வரலாமா, வேணாமா?"

"உன் புள்ளையே சொல்வாரு" என்று போனை அவன் வாய்க்கு நேராக நீட்டினேன்.

நகரி பஸ் கிளம்பப் போவதாகக் கண்டக்டர் கத்தினார். திருமலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகள் இரண்டு மூன்று எங்கள் பக்கம் திரும்பின.

"டேய் முரளி, சொல்லுடா!"

தாடியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை போன்மேல் விழுந்தது. நான் கையை இறக்கவில்லை.