ஏழேகால் மணி வண்டி

மரியசுந்தரம் ஓய்வு பெற்று வில்லியனூரில் வந்து உட்கார்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில். அதற்கு முன் பதினெட்டு வருஷம் பிரெஞ்சுப் புதுச்சேரி சர்க்காரின் வண்டிவாகன இலாகாவுக்கு அவர்தான் தலைவர். அந்தப் பதினெட்டு வருஷமும் அவர் கையெழுத்து இல்லாமல் பட்டணத்திலும் சுற்றுக் கிராமக் கொம்யூன்களிலும் ஒரு சக்கரம் உருண்டதில்லை. ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டிக்கு நம்பர் தகடு, மாட்டு வண்டிக்கு லாந்தர், ஜட்காக் குதிரைக்கு வைத்தியர் சீட்டு, பஸ்ஸுக்கு நேர அட்டவணை, எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் வீதிக்கு வரவேண்டும். ஜனங்கள் அவரை 'ரோட்டு முசியே' என்றார்கள். முசியே என்பது வெள்ளைக்காரன் கொடுத்த மரியாதை. ரோடு ஊர்க்காரர்கள் ஒட்டவைத்தது. இரண்டில் அவருக்குப் பிடித்தது ரோடுதான்.

ஓய்வு பெற்றவர்களுக்குப் பழைய ஞாபகம் வருவது சகஜம். மரியசுந்தரத்துக்கு மட்டும் பட்டணம் வராது, கவர்னர் மாளிகை விருந்து வராது, கழுத்தில் போட்ட மாலைகள் வராது. பாகூர் ரோடுதான் வரும். "ஆரம்பிச்சிட்டீங்களா? வண்டி செலியமேடு வந்துடுச்சா?" என்று மனைவி மதலேனாள் கேலி செய்வாள். வந்துவிட்டிருக்கும். முப்பத்தெட்டாம் வருஷம், பங்குனி மாதம், காலை வெயில், வாய்க்கால் ஈரம். அந்த நாளெல்லாம் இனி எங்கே வரப்போகிறது!

பாகூரிலிருந்து செலியமேடு வழியாகப் புதுச்சேரிக்கு முதல் பஸ் விட்டதே அவர்தான். இருபத்தெட்டில், தலைவராக உட்கார்ந்த புதிது. அன்றைக்குப் பஸ்ஸுக்கு வேப்பிலைத் தோரணம் கட்டி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து அனுப்பினார்கள். டிரைவர் ஹாரனை அமுக்கியதும் கூட்டத்தில் பாதி ஓட்டமெடுத்துக் கழனிக்குள் இறங்கிவிட்டது. மரியசுந்தரம் பஸ்ஸின் முன் சீட்டில் சட்டைப்பையிலிருந்த கடிகாரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். செலியமேட்டு வாய்க்கால் மதகை வண்டி தாண்டும்போது மணி ஏழேகால். அட்டவணையிலும் அதையே எழுதினார். அதற்குப் பிறகு பத்து வருஷம், மழையானாலும் வெயிலானாலும், அந்த மதகை அந்த வண்டி ஏழேகாலுக்குத்தான் தாண்டியது. மனிதருக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. ஐந்து நிமிஷம் தாமதமாக வந்த டிரைவரை அரை மணி நேரம் நிற்கவைத்துப் பேசுவார்.

முப்பத்தெட்டில் ஒரு சிக்கல் வந்தது. பாகூர் ரோட்டில் நடுவே இங்கிலீஷ்காரன் எல்லை ஒரு துண்டு குறுக்கிடும். அங்கே சாவடியில் மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துப் பார்ப்பதில் நேரம் போய், பஸ் பட்டணம் சேர்வதற்குள் விழுப்புரம் ரயில் கிளம்பிவிடுகிறது என்று புகாருக்கு மேல் புகார். மரியசுந்தரம் யோசித்தார், நீலப் பென்சிலை எடுத்தார், ஏழேகாலை அடித்து ஆறே முக்கால் ஆக்கினார். மாசி மாதத்திலிருந்து பஸ் அரை மணி முன்னால் கிளம்பியது. ரயில் தவறுவது நின்றது. பெரிய துரை கூப்பிட்டுக் கைகுலுக்கினார்.

பங்குனி பிறந்து நாலாம் நாள், ஆபீசுக்கு ஒரு அம்மாள் வந்தாள். ஐம்பது வயது இருக்கும். கெண்டைக்கால் வரை சேறு காய்ந்திருந்தது. செலியமேட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பெயர் காசம்மாள்.

"பஸ்ஸை பழையபடி விடணும் சாமி" என்றாள்.

"ஏம்மா, சீக்கிரம் எழுந்து ஏற முடியலையா?"

"நான் எதுக்கு ஏறப்போறேன்? ஒரு நாளும் அதுல ஏறினதில்ல. அந்த நாத்தமே எனக்கு ஆவாது."

"ஏறாத பஸ் எப்ப போனா உனக்கு இன்னாம்மா?"

"எம் பயிரு காயுது சாமி."

மரியசுந்தரம் பென்சிலைக் கீழே வைத்தார். பஸ்ஸைப் பற்றி எத்தனையோ விதமாகப் புகார் கேட்டவர் அவர். கோழியை மடியில் வைத்துக்கொண்டு வருகிறான், டிரைவர் பாட்டுப் பாடுகிறான், பக்கத்தில் உட்கார்ந்தவன் தோளில் தூங்குகிறான், எல்லாம் கேட்டாயிற்று. பயிர் காய்கிறது என்பது புதிது. அவளை உட்காரவைத்து முழுவதையும் கேட்டார்.

விஷயம் இதுதான். செலியமேட்டில் அந்த வாய்க்காலுக்கு எட்டு நாளைக்கு ஒரு முறை ஏரித் தண்ணீர் வரும். கிழக்கே பனைக்கு மேல் சூரியன் தெரிந்ததும் காசம்மாளின் ஒரு காணிக்கு மடை திறக்கும். அதற்கப்புறம் அடுத்த நிலத்துக்காரர் உலகநாதனுக்கும் அவர் பங்காளிகள் பதினோரு வீட்டுக்கும். இவள் முறை எப்போது முடிகிறது என்பதில் ஒரு காலத்தில் மண்டை உடைந்திருக்கிறது. குச்சி நட்டு நிழல் பார்த்தார்கள். குச்சியைச் சாய்த்து நட்டான் என்று அடிதடி. முதல் பஸ் வந்த வருஷம் இரண்டு பக்கமும் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்: காலை பஸ் மதகைத் தாண்டினால் மடை மாறும், அதில் ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. பஸ் யார் கைக்கும் அடங்காதது, யாருக்கும் உறவில்லாதது. அதனால் அதை நம்பினார்கள்.

பத்து வருஷமாக அந்த ஊர் தன் தண்ணீரை அவருடைய அட்டவணையில் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியாது. நீலப் பென்சில் ஒரு கோடு போட்டதில் இவளுடைய ஒரு மணி நேரத் தண்ணீர் அரை மணியாகிவிட்டது.

மறுநாளே இலாகாவின் பழைய மோட்டாரைத் தானே ஓட்டிக்கொண்டு செலியமேடு போனார். காசம்மாளின் நிலத்தில் மடைப் பக்கம் பச்சை. மேற்கு வரப்பை ஒட்டி வெளுத்துக் கிடந்தது. கதிர் வெளியே வந்துகொண்டிருந்தது. இனி பால் பிடிக்கவேண்டும். மகன் இல்லை, புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். அந்த ஒரு காணிதான் அவளுக்கு எல்லாம்.

உலகநாதன் வரப்பில் நின்றிருந்தார். கனத்த உடம்பு, கணீரென்ற குரல். தண்ணீர் பாய்ச்சும் பக்கிரி மண்வெட்டியோடு அவர் பின்னால் நின்றான்.

"அந்த அம்மா பயிர் காயறது உங்களுக்குத் தெரியலையா?" என்றார் மரியசுந்தரம்.

"தெரியாம இன்னா முசியே? தெனமும் பாத்துகினு தான் இருக்கறேன்."

"அரை மணி விட்டுக்கொடுத்தா இன்னா?"

"எங்கிட்ட இருந்தா குடுப்பேன். எனக்குப் பின்னால பதினோரு வூடு இருக்குது. கற்பூரம் அணைச்ச கை இது. பஸ்ஸு போச்சுன்னா மடை மாறணும். அதை நான் மீறினா நாளைக்கு எவன் எதை மதிப்பான்?"

பஸ்ஸைப் பழைய நேரத்துக்கு மாற்றினால் நாற்பது பேர் ரயிலைத் தவறவிடுவார்கள். மாற்றாவிட்டால் ஒருத்தியின் பயிர் போகும். மரியசுந்தரம் மதகுச் சுவரில் உட்கார்ந்தார், சாலையோரம் நின்ற தன் மோட்டாரைப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"பஸ்ஸுக்குப் பதிலா இந்த மோட்டார் ஏழேகாலுக்கு மதகைத் தாண்டினா ஒத்துக்குவீங்களா? அறுப்பு வரைக்கும் முறை நாள்ல நானே வரேன்."

பக்கிரி தலையைச் சொறிந்தான். "பஸ்ஸை வெச்சுதானே சத்தியம்..."

பங்காளிகளைக் கூப்பிட்டு உட்கார்ந்து பேசினார்கள். ஒருத்தர் கூடாது என்றார், ஒருத்தர் தெய்வக் குற்றம் என்றார். கடைசியில் உலகநாதன் எழுந்தார். "பஸ்ஸு யார் கைக்கும் அடங்காதுன்னு தான் அன்னிக்கு நாம அதை வெச்சோம். இவுரும் யார் கைக்கும் அடங்காதவரு. நிமிஷம் தப்ப மாட்டாரு. பஸ்ஸை அனுப்பறவரே வராருன்னா போதாதா?"

ஒத்துக்கொண்டார்கள். மரியசுந்தரத்துக்கு அதைக் கேட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இப்படி ஒரு நற்சாட்சி எந்த துரையும் அவருக்குக் கொடுத்ததில்லை.

அறுப்புக்கு முன் நாலு முறை இருந்தது. விடியும் முன் கிளம்பி, அரியாங்குப்பம் ஆற்றைத் தாண்டி, மதகைத் தொடாமல் வேறு பாதையாகச் சுற்றிப் பாகூர் போய், அங்கிருந்து திரும்புவார். ஆபீசில் சிரித்தார்கள். ஒரு கிழவி நிலத்துக்காக இலாகாத் தலைவர் வண்டி ஓட்டுகிறார் என்று பட்டணம் முழுக்கப் பேச்சு. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதல் முறை, இரண்டாம் முறை, மூன்றாம் முறை, மூன்றும் சரியாக ஏழேகால். மோட்டார் மதகைத் தாண்டியதும், "முசியே வண்டி போயிடுச்சு, அடைச்சுக்கோ!" என்று வரப்புக்கு வரப்பு குரல் போகும். பக்கிரி ஒரு வெட்டு மண் எடுத்து மடையில் போடுவான். காசம்மாள் கும்பிடுவாள். கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே போவார். அந்த மூன்று காலைகளில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் மார்பு விம்முகிறது.

ஆனால் ஏரி இறங்கிக்கொண்டே வந்தது. முன்னைப்போல வாய்க்காலில் வேகமில்லை. மூன்றாம் முறையில் தண்ணீர் மேற்கு வரப்பைத் தொடுவதற்குள் ஏழேகால் ஆகிவிட்டது. அந்த ஓரம் ஒரு பாய் அகலத்துக்குப் பதராகிவிட்டதை வண்டியிலிருந்தே பார்த்தார். காசம்மாள் அன்றும் கும்பிட்டாள்.

நாலாம் முறை. பயிர் முழுக்கப் பால் பிடித்து நிற்கிறது. இன்றைக்குத் தண்ணீர் எட்டாத இடமெல்லாம் பதர்தான். பாகூர் எல்லையில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு பத்து. கிளம்பவேண்டும். கிளம்பவில்லை.

ஏழேகால் ஆயிற்று. கை ஸ்டியரிங்கில்தான் இருந்தது. யார் கைக்கும் அடங்காதவர் என்றார்களே, நிமிஷம் தப்பமாட்டார் என்றார்களே! எத்தனை டிரைவர்களை நிற்கவைத்துப் பேசியிருப்பார்! பதினோரு வீட்டுத் தண்ணீரைத் திருடுகிறோம் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது. மேற்கு வரப்பும் கண்ணில் நின்றது. மாதாவே, மாதாவே என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். ஏழரைக்கு வண்டியைக் கிளப்பினார்.

மதகைத் தாண்டும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. பக்கிரி மடையை அடைத்தான். மேற்கு வரப்பு வரை தண்ணீர் மினுங்கியது. அப்படியே போய்விடலாம் என்றுதான் இருந்தார். ஆனால் உலகநாதன் சாலையின் நடுவே வந்து கையைக் காட்டி நிறுத்தினார்.

"வழியில வண்டிக்கு ஏதாவது கோளாறா முசியே?"

"ஆமாம். டயர்ல காத்து இறங்கிப்போச்சு."

அதுவரை ஒரு பொய்யும் சொல்லாத வாய் அது. உலகநாதன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாலு டயரையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். நாலும் பூசணிக்காய்போல் திண்ணென்று இருந்தன. மரியசுந்தரத்துக்கு இறங்கி அவர் காலில் விழுந்துவிடலாமா என்றிருந்தது.

உலகநாதன் ஜன்னல் பக்கம் வந்தார். பங்காளிகள் காதில் விழாதபடி குரலை இறக்கினார். கணீரென்ற அந்தக் குரல் அவ்வளவு தாழும் என்று மரியசுந்தரம் நினைத்ததே இல்லை.

"மூணு முறையா நானும் பாத்துகினே இருந்தேன் முசியே. இன்னிக்காவது வண்டி கெடாதா, இன்னிக்காவது கெடாதான்னு. நான் வாய் திறந்து கேக்க முடியாது, கற்பூரம் அணைச்சவன். நீங்க மூணு முறையும் டாண்ணு வந்துட்டீங்க."

சொல்லிவிட்டு, பதராகிப்போன ஓரத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். மரியசுந்தரமும் பார்த்தார். ஒரு பாய் அகலம்தான். மூன்று நாளும் அவர் சரியாக ஏழேகாலுக்கு வந்துசேர்ந்ததன் பலன் அங்கே காய்ந்து நின்றது. உலகநாதன் சாலையை விட்டு விலகி வழி விட்டார்.