யாரும் எழுப்பவில்லை

மூக்குக்கண்ணாடி கன்னத்தில் அழுந்திக் கிடந்தது. அதை மெல்லக் கழற்றப் போனபோதுதான் மகளின் விரல்களில் அப்பாவின் சில்லிப்பு பட்டது. கையை எடுக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள். கூடத்தின் மறுகோடியில் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டுகளைச் சத்தம் வராமல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

காலையிலிருந்தே அவர் அப்படித்தான் கிடந்திருக்கிறார். வழக்கம்போல் கூடத்து வேலைக்கு வந்த அப்பா, கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்று ஓரமாகக் காலியாயிருந்த கட்டிலில் சாய்ந்திருக்கிறார். அதன்பின் அவரை யாரும் எழுப்பவில்லை. தூங்குகிறவரை எழுப்பக் கூடாது என்பதுதான் அந்த இடத்தின் ஒரே சட்டம். போட்டவர் அப்பாதான்.

அவர் தையல்காரர். பல வருடங்களுக்கு முன் ஒருநாள் கடை திறக்கப் போனவர், படியில் ஒரு மனிதன் அசந்து தூங்குவதைப் பார்த்துவிட்டு, அவன் தானாக எழும்வரை சாவியோடு தெருவிலேயே நின்றார். கல்யாணத் துணி வாங்க வந்தவர்கள் கத்திவிட்டுப் போனார்கள். தெருவில் படுக்கிறவனுக்குச் சோறுகூட எங்காவது கிடைத்துவிடும், யாரும் எழுப்பாத தூக்கம்தான் கிடைக்காது என்று அன்று வீட்டில் வந்து சொன்னார். அம்மா அவனுக்கு ஒரு பாத்திரத்தில் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். பிறகு பஸ் டிரைவர் ஒருவர் சேர்ந்தார், ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் சேர்ந்தார். யாருக்கும் சம்பளம் கிடையாது. தெருவில் படுக்கிறவர்கள் வந்து தூங்கப் பழைய கிடங்கு ஒன்று கிடைத்தது, கட்டில்கள் வந்தன; அதுதான் இந்தக் கூடம். ஊரையெல்லாம் தூங்க வைத்துவிட்டு நீ எப்போது தூங்கப்போகிறாய் என்று அம்மா கேட்கத் தொடங்கியதும் அப்போதுதான். சில வருடங்களாக அவள் இந்தப் பக்கம் வருவதேயில்லை.

பக்கத்துத் தெரு டாக்டரம்மா வந்து பார்த்தார். மூச்சு நின்று நேரமாகிவிட்டது என்றார். முன்னாலேயே தெரிந்திருந்தால், என்று மகள் ஆரம்பித்தாள். அவர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

"சொல்ல முடியாதும்மா."

டிரைவர் சித்தப்பா சுவரைப் பார்த்தபடி நின்றார். "இன்னிக்கு அண்ணன் குறட்டைகூட விடல, திருந்திட்டாருன்னு சிரிச்சோம் பாப்பா" என்றார்.

அடுத்த கட்டில்காரர் அவளைத் தனியாக அழைத்தார். வெயிலிலும் குடை பிடிப்பதால் எல்லாருக்கும் அவர் குடைக்காரர். அப்பா ஒருமுறை முனகினாராம். கனவு என்று நினைத்துவிட்டாராம்.

அம்மா வந்துகொண்டிருந்தாள். இதைக் கேட்டால் இந்தக் கூடத்தை அவள் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள். அப்பா விட்டுப் போனதோ இது ஒன்றுதான். வாயைத் திறக்கவேண்டாம் என்று மகள் அவரைக் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

அம்மா அழவில்லை. அப்பாவின் காலடியில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். சுற்றி நின்ற ஒவ்வொருவரையும் பார்த்தாள்.

"இத்தன பேர் இருந்தீங்க. யாருக்குமே தெரியலையா?"

"தூக்கத்துலயே போயிட்டாரும்மா. சத்தமே இல்ல" என்றாள் மகள்.

"இல்லீங்க" என்றார் குடைக்காரர். "முனகினாரு. நான்தான் கேட்டேன். எழுப்பல. போர்வைய இழுத்து விட்டுட்டுப் படுத்துட்டேன்."

டிரைவர் சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். தட்டோடு நின்ற நர்ஸம்மா அதைக் கீழே வைக்கவேயில்லை. மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் கைகளைப் பார்த்தாள். அவை போர்வையின் ஓரத்தை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தன.

அம்மா நிமிர்ந்து குடைக்காரரைக் கேட்டாள்.

"காலுக்கும் போத்தினீங்களா? அவருக்குப் பாதம்தான் குளிரும்."

"போத்தினேங்க."

அம்மா சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். கட்டில் விளிம்பில் ஒரு ஆளுக்கு இடம் உண்டாயிற்று. அது தனக்கா என்று தெரியாமல் குடைக்காரர் மகளைப் பார்த்தார். பிறகு கால்சட்டையின் பின்புறத்தை இரண்டு கைகளாலும் நன்றாகத் தட்டிவிட்டுக்கொண்டு, விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார்.