தூணில்லாத சமையலறை

கணபதி பகுதியில் பொன்வேல் குடியிருப்பின் முதல் மாடியில், மாசாணியம்மாளின் சமையலறையைத் தாங்கிய இரண்டு தூண்களையும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு உடைத்துச் சாய்த்தார்கள். சமையலறை விழவில்லை.

அந்தக் கட்டடத்தின் பன்னிரண்டு வீடுகளும் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரே அச்சாக இருந்தன. பிறகு பிள்ளைகள் பிறந்தார்கள், மாமியார்கள் வந்து சேர்ந்தார்கள், இடம் போதவில்லை. மாசாணியம்மாளின் கணவர் காளிச்சாமி கொத்தனார். போகிற வேலையில் மிஞ்சியதையெல்லாம் கொண்டுவந்து ஆளாளுக்கு ஓர் அறையோ பால்கனியோ நீட்டிக் கொடுத்தார். ரசாக் பாய்க்குக் கல்யாண மண்டபத்தில் கழற்றிய மயில் கிரில், பொன்னாத்தாளுக்கு மூடிப்போன மில்லின் நீல ஜன்னல், தன் சமையலறைக்கு ஏழு விதமான டைல்ஸ். மோட்டார் பட்டறையில் செம்புக் கம்பிக் காயில் சுற்றிவிட்டுத் திரும்பும் மாசாணியம்மாள் தெருமுனையிலேயே தன் வீட்டைக் கண்டுகொள்வாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

குடியிருப்புச் சங்கத்தின் புதுச் செக்ரட்டரி சசிதர், நீட்டியதையெல்லாம் இடித்து முழுக்கச் சாம்பல் வண்ணம் அடிக்கக் கூட்டம் போட்டார். "பாத்தா சேரியாட்ட இருக்குதுங்க" என்றார். சொல்லும்போது காளிச்சாமியை மட்டும் பார்த்தார். காளிச்சாமி தலை குனிந்தபடி சம்மதக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சொல்லை மாசாணியம்மாள் மூன்று நாளாகியும் மறக்கவில்லை. கோபம் சொன்னவர் மேல் பாதி, குனிந்தவர் மேல் பாதி.

செவ்வாயன்று இடிக்கும் இயந்திரம் வந்தது. "ஏனுங்க, ஒரு வாரம் பொறுங்க" என்று மாசாணியம்மாள் சசிதரிடம் கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டது உங்க ஊட்டுக்காரருங்க" என்றார் சசிதர்.

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் போட்டாங்க, அம்மணி" என்றார் அவர்.

பிறந்ததிலிருந்து ஒருவரிடமும் மரியாதைக்கு 'ங்க' போடாமல் பேசியறியாதவள் சசிதரிடம் சொன்னாள்: "இடிடா. உழுகுதான்னு பாக்கறேன்."

தூண்கள் விழுந்தன. சமையலறை வீட்டுச் சுவரைவிட்டு ஓரடி விலகி, அப்படியே நின்றது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் சங்கிலி கட்டி இழுத்தார்கள், சங்கிலி அறுந்தது. மாநகராட்சி அலுவலகத்திலிருந்து வந்த பொறியாளர் குடை பிடித்துக்கொண்டு அடியில் நடந்து பார்த்து, 'தாங்கல் இல்லை, விழவும் இல்லை' என்று எழுதிக்கொண்டு போனார். வெள்ளியன்று பொன்னாத்தாள் பால்கனியில் நின்று கத்திய கத்தலில், இடிக்க வந்தவர்களின் சம்மட்டியால் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க முடியவில்லை. அடுத்து ரசாக் பாய் கத்தினார். அந்த மாதத்துக்குள் ஒன்பது வீட்டு நீட்டல்கள் வெறும் காற்றில் நின்றன. வாயைத் திறக்காத மூன்று வீட்டாருடையவை மட்டும் விழுந்தன. சசிதர் வீட்டை விற்றுவிட்டு அன்னூர்ப் பக்கம் போனார்.

ஒரு மாலை காளிச்சாமி ரோட்டில் நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருடம் சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டைப் பிடித்துக்கொண்டு கிட்டத்திலேயே பார்த்தவர். மயில் கிரிலும் நீல ஜன்னலும் வெயிலில் தனித்தனியே நின்றன. ஒன்றுகூட ஒரே மட்டத்தில் இல்லை. தன் கைவேலை இவ்வளவு அழகா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

மேலே வந்து, "நல்லாத்தான் இருக்குது, அம்மணி" என்றார்.

"அத அன்னிக்குக் கூட்டத்துல சொல்லியிருக்கோணும்" என்றாள் அவள், திரும்பாமல்.

"தூண திரும்ப எழுப்பிப்போடட்டுமா?"

"வேண்டாம்."

கேஸ் போடுகிறவர் சிலிண்டரைத் தோளில் வைத்தபடி அந்த ஓரடி இடைவெளியைத் தாண்டித்தான் உள்ளே போகிறார். முதல் தடவை கீழே பார்த்தார். இப்போது பார்ப்பதில்லை.