போர்வைக்கு அடியில் ஒட்டிய பட்டை

தாளம் தப்பி அடிக்கும் என் இதயத்தை ஷாக் கொடுத்துச் சரிக்கட்ட ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். சரியானால் மறுபடி பஸ் ஓட்டலாம். இல்லையென்றால் டெப்போவில் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் முடங்க வேண்டியதுதான். ஸ்டியரிங் பிடிக்காத வாழ்க்கை எனக்கு ஒரு வாழ்க்கையா?

துணைக்கு வந்தவள் என் நாத்தனார். அதுதான் வினை. நர்ஸ் போர்வையை விலக்கப் போனதுமே, "ஐயையோ, ஆம்பள டாக்டர் நிக்கிறாரு! மூடும்மா முதல்ல!" என்று கத்தி ஊரைக் கூட்டிவிட்டாள். நர்ஸ் பாவம், போர்வைக்குள் கையை விட்டு ஷாக் பட்டைகளில் ஒன்றை வலது தோளுக்குக் கீழேயும் இன்னொன்றை இடப்பக்கம் குத்துமதிப்பாகவும் ஒட்டினாள். டாக்டரோ முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். மயக்க ஊசி போட்டார்கள்.

கண் விழித்தபோது டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ரெண்டு தடவை குடுத்தாச்சும்மா. கேக்கல. இனி மாத்திரைதான். பஸ்ஸை மறந்துடுங்க."

"போனா போகுது அண்ணி. வீட்டோட நிம்மதியா இருங்க," என்றாள் நாத்தனார். அவள் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பட்டையை உரிக்கப் போர்வையைத் தூக்கிய நர்ஸ் திகைத்தாள். "டாக்டர், இது மார்பு மேலயே ஒட்டியிருக்கு. என் தப்புதான்."

டாக்டர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். "அடடா! அவ்வளவு சதையைத் தாண்டி கரண்ட் எப்படிப் போகும்? மார்பைத் தூக்கி, அக்குளுக்குக் கீழ விலாவுல ஒட்டணும். இன்னொரு தடவை பாக்கலாம். ஆனா போர்வையை..."

"வேணவே வேணாம்! அண்ணன் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

போர்வையை உருவி அவள் மடியிலேயே எறிந்தேன். "உன் அண்ணனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீ வெளிய போய் உக்காரு." மார்பை என் கையாலேயே தூக்கிப் பிடித்தேன். "நல்லா அழுத்தி ஒட்டும்மா. டாக்டர், நீங்களும் பாத்துச் சொல்லுங்க. வெக்கப்படவா இங்க வந்திருக்கேன்?"

மறுபடி விழித்தபோது திரையில் கோடு சீராக ஓடிக்கொண்டிருந்தது. வெட்கமே இல்லாமல் ஓவென்று அழுதேன்.

பரிசோதனையெல்லாம் முடிந்து மறுபடி வண்டி எடுத்த முதல் நாள், எங்கள் தெரு நிறுத்தத்தில் கைப்பையோடு நின்றவள் நாத்தனார். என்னைப் பார்த்ததும் தயங்கினாள். அடுத்த பஸ்ஸுக்கு நெடுநேரமாகும்.

கதவைத் திறந்தேன். "ஏறு. கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ. ஓட்டுறது உன் அண்ணி."