சந்தையில் கிடைத்த ஃபுட்

ஊசிக்கடியில் துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட் இல்லாமல் தையல் மெஷின் வெறும் இரும்பு. என் பழைய பச்சை மெஷினுக்கோ இப்போது கடையில் விற்பது எதுவும் சேராது. ஜிப் வைக்க, பட்டன் துளை போட, ஓரம் மடிக்க என்று தனித்தனி ஃபுட்கள் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். நானும் என் புருஷன் ஹெல்மரும் பிரிந்து, போரோஸ் ஊரில் இருந்த வீட்டைக் காலி செய்தபோது அந்தப் பெட்டி காணாமல் போனது.

போன இலையுதிர் காலத்தில் ஹெல்மர் கதவைத் தட்டினான். கையில் ஜிப் ஃபுட்.

"பழைய சாமான் சந்தைல கெடச்சுது, குன்வோர். சேருதான்னு பாரு."

திருப்பிப் பார்த்தேன். அடியில் சிவப்புப் பொட்டு, என் நகப்பூச்சால் நானே வைத்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டியை வைத்துக்கொண்டு என்னிடமே கதை விடுகிறான்! திட்டுவதற்குள் பூட்ஸைக் கழற்றி, எப்போதும் வைக்கிற மூலையில் வைத்துவிட்டான். காப்பி போட்டேன்.

பிறகு மாதம் ஒரு ஃபுட்டாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் சந்தையில் அலைந்த கதை வேறு.

நேற்று, பெட்டியில் கடைசியாக மிச்சமிருந்த ஓரம் மடிக்கும் ஃபுட்டைக் கொடுத்தான். இலவங்கப்பட்டை பன்னைத் தின்னாமல் பிய்த்துக்கொண்டே இருந்தான்.

"இனிமே ஒண்ணும் கெடைக்காதுன்னு நெனக்கிறேன்."

கிளம்பும்போது அவன் பூட்ஸ் மாட்டக் குனிந்தான். ஜிப் ஃபுட்டை அவன் கோட்டுப் பையில் நழுவவிட்டேன்.

"ஜிப் ஃபுட்டு திரும்பவும் தொலஞ்சு போச்சு, ஹெல்மர். ஒரு மாசம் இழுத்தடிக்காத. இந்த ஞாயித்துக்கெழமையே தேடிக் கொண்டா."